என் பக்கம் திறக்குதே

சார், நீங்க கம்ப்யூட்டர் வேலை பாக்குறவரா? இல்ல, மடியில லேப்டாப் வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம். இந்த பஸ்ஸு மதுரை போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடக்கு.

ஒருத்தன் ஒரு மெயில் அனுப்புறான். கூட நாலு பேப்பரை ஸ்கேன் எடுத்து இணைச்சு அனுப்புறான். அவன் கம்ப்யூட்டர்ல ‘அனுப்பியாச்சு’ன்னு காட்டுது. அனுப்புனதைத் திறந்து பாத்தா நாலு பேப்பரும் பளிச்சுன்னு இருக்கு. வாங்குனவங்க திறந்தா ஒண்ணுமே தெரியலங்குறாங்க. தப்பு யாரு மேல? இருங்க, உடனே சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட முழுசாக் கேக்கல. எங்க வக்கீல் சார் உட்பட.

என் பேரு பரஞ்சோதி. திருவாடானையில வக்கீல் குமாஸ்தா. லூர்துராஜ் சார்கிட்ட இருபத்தெட்டு வருசமா இருக்கேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவன். தமிழும் உண்டு, இங்கிலீசும் உண்டு. கோர்ட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்துல எங்க ஊர்ல மொதமொத அதைப் பழகுன குமாஸ்தா நான்தான். மத்த குமாஸ்தாவெல்லாம் என்கிட்ட வந்து, ‘அண்ணே, இது எப்படி, அது எப்படி’ன்னு கேட்டுட்டுப் போவாங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. அதை மனசுல வச்சுக்கங்க.

பழைய கம்ப்யூட்டர் பதினோரு வருசம் ஓடுச்சு. போன ஐப்பசியில அது மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு. சார் புதுசு ஒண்ணு வாங்கிட்டாரு. மாட்டிக் குடுக்க தேவகோட்டையில இருந்து மெர்லின்னு ஒரு பொம்பள வந்துச்சு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சொந்தமா சர்வீஸ் கடை வச்சிருக்கு. வேலை தெரிஞ்ச பொம்பளதான், இல்லேங்கல. ஆனா பேச்சு கொஞ்சம் கூட. ஒண்ணு சொன்னா ஒம்பது கேள்வி கேக்கும்.

சனிக்கிழமை பூராம் உக்காந்து பழசுல இருந்ததையெல்லாம் புதுசுல ஏத்துச்சு. மெயிலும் வச்சுக் குடுத்துச்சு. நான் பாத்தேன். எழுத்து சப்புன்னு இருந்துச்சு. பழசுல சார் பேரு, படிப்பு, ஆபீஸ் விலாசம் எல்லாம் நீலக் கலர்ல, கீழ ஒரு கோடு போட்டு, லெட்டர்பேடு மாதிரியே வரும். நான் பண்ணி வச்சது அது. அதைக் காணோம். கேட்டேன். மெர்லின் நோண்டிப் பாத்துட்டு, “அண்ணே, இதுல மூணு விதமா அனுப்பலாம். மூணாவதுல வச்சா நீங்க கேக்குற அழகு வரும். ஆனா அது சில பேருக்கு ஒழுங்காப் போய்ச் சேராது. சாதாரணமாவே வைப்போமா?”ன்னுச்சு.

“வக்கீல் ஆபீஸ் லெட்டரு சாதாரணமா இருக்கலாமாம்மா? மூணாவதுலயே வையி”ன்னேன்.

வச்சுச்சு. நல்லாப் பாத்துக்கங்க, வச்சது யாரு? மெர்லின்தான வச்சுச்சு?

அப்புறம், “ஒரு தடவை வெளியாளு யாருக்காவது ஒரு பேப்பரை இணைச்சு அனுப்பி, திறக்குதான்னு போன் போட்டுக் கேட்டுருவோம்ணே”ன்னுச்சு. சனிக்கிழமை சாயங்காலம். யாரைப் போய்த் தொந்தரவு பண்றது? எனக்கு நானே ஒண்ணு அனுப்பிப் பாத்தேன். திறந்துச்சு. “பாத்தியா, திறக்குது”ன்னேன். “நமக்கு நாமளே அனுப்புனா திறக்கத்தான்ணே செய்யும்”ன்னு ஒரு மாதிரி சிரிச்சுச்சு. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. “நான் மெயில் அனுப்ப ஆரம்பிச்சப்ப நீ பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தம்மா. கெளம்பு”ன்னுட்டேன். பையை எடுத்துட்டுப் போயிருச்சு.

திங்கக்கிழமை ரெண்டு மெயில் அனுப்புனேன். ஒண்ணு போன இடம் தெரியல. இன்னொண்ணுக்கு ராமநாதபுரத்துல இருந்து ஒரு குமாஸ்தா போன் பண்ணி, திறக்கலன்னான். “உன் மிஷின்ல கோளாறுப்பா”ன்னு சொல்லி வச்சுட்டேன்.

செவ்வாக்கிழமைதான் விசயம்.

காலையில ஏழரை மணிக்கு ஆபீஸைத் திறக்கப் போறேன். படியில முத்துராக்கு உக்காந்திருக்கு. பெருங்காட்டேந்தல்னு எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு கிராமம், அங்கதான் அதுக்கு வீடு. தலையைக் கூட முடியல. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, “அண்ணே, ஆத்தா போயிருச்சு”ன்னுச்சு. அழுகல. அழுது முடிச்சிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

முத்துராக்குக்கு ஒரே தம்பி. சாத்தையான்னு பேரு. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி வரப்புத் தகராறுல பங்காளி ஒருத்தனை மம்பட்டிக் கணையால அடிச்சு, அவன் செத்துப் போனான். எங்க சார்தான் கேஸ் நடத்துனாரு. ஆயுள் தண்டனை ஆயிருச்சு. ஜெயில் இங்க இருந்து நூத்தம்பது கிலோமீட்டர். அந்த ஆத்தா பஞ்சவர்ணம் மாசா மாசம் பஸ் மாறி மாறிப் போய் மகனைப் பாத்துட்டு வரும். கடைசி ஒரு வருசம் நடக்க முடியல, போகல. மகன் மூஞ்சியைப் பாக்காமலே போய்ச் சேந்துருச்சு.

“தம்பி வந்து மண்ணு போடணும்ணே. நாலு மணிக்கு எடுக்குறதாப் பேசியிருக்காக. அதுக்குள்ள கொண்டு வந்துரலாமாண்ணே?”

சார் அன்னைக்கு ராமநாதபுரத்துல ஒரு விசாரணைக்குப் போயிட்டிருந்தாரு. கார்ல இருந்து போன்ல பேசுனாரு. ஜெயில்ல கேட்டா, போலீஸ் காவலோட அனுப்புறதா இருந்தா கோர்ட்டு உத்தரவு கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்களாம். “பரஞ்சோதி, மதுரை ஹைகோர்ட்ல ஜுனைதா மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன். அந்தம்மா பத்தரைக்கு ஜட்ஜ்கிட்ட எந்திரிச்சுச் சொல்லும். பேப்பர் கையில இருந்தா அப்பவே எடுத்துருவாங்க. இல்லாட்டி மத்தியானம் ரெண்டேகாலுக்குத்தான். அபிடவிட் அடிச்சு முத்துராக்குகிட்டக் கையெழுத்து வாங்கி, இறந்ததுக்கு டாக்டர் குடுத்தது, வி.ஏ.ஓ. குடுத்தது, ரேசன் கார்டு, எல்லாத்தையும் ஒம்பதரைக்குள்ள மெயில்ல தட்டிவிட்டுரு. நான் கோர்ட்டுக்குள்ள போனா போனை அமத்திருவேன். நீதான் பாத்துக்கணும்”னாரு.

நீதான் பாத்துக்கணும். அந்த வார்த்தைக்காக நான் எப்படி வேலை பாத்தேன்னு நீங்க பாத்திருக்கணும் சார். எட்டே முக்காலுக்கு அபிடவிட் ரெடி. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. முத்துராக்கு கையெழுத்துப் போட்டுச்சு. அது மூணாவது வரைக்கும் படிச்சது. ஒவ்வொரு எழுத்தா, பேனாவை அழுத்திப் போட்டுச்சு. மத்த மூணு பேப்பரையும் ஊர்ல இருந்து ஆள் கொண்டாந்து குடுத்துட்டாக. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, வரிசையா இணைச்சு, ஒம்பது இருபதுக்கு அனுப்பிட்டேன். நீலக் கலர்ல, கோடு போட்டு. அம்சமா இருந்துச்சு.

“போயிருச்சும்மா. இனி உன் தம்பி வந்த மாதிரிதான்”னேன். அது என்னைக் கையெடுத்துக் கும்புட்டுச்சு.

ஒம்பது நாப்பதுக்கு மேடம் போன். “பரஞ்சோதி, மெயில் வந்திருச்சு. இணைப்புல நாலு பேப்பரைக் காணோம். டி.ஏ.டி., ‘டாட்’னு முடியிற ஏதோ ஒரே ஒரு ஃபைல் இருக்கு. அதைத் திறந்தா திறக்கல.”

“மேடம், நான் நாலு பேப்பர் வச்சிருக்கேன்.”

“எனக்கு வரலையே.”

“என் பக்கம் திறக்குதே மேடம். இப்பக் கூட என் கண்ணு முன்னாடி திறந்து வச்சிருக்கேன்.”

“உங்க பக்கம் திறந்து எனக்கு என்ன பிரயோஜனம்? மறுபடியும் அனுப்புங்க.”

அனுப்புனேன். வந்தது அதே ‘டாட்’. ஃபைல் பேரு தமிழ்ல இருக்கிறதால இருக்குமோன்னு இங்கிலீசுல மாத்தி அனுப்புனேன். அதேதான். கனம் கூடிப்போச்சோன்னு மங்கலா ஸ்கேன் எடுத்து அனுப்புனேன். அதே. நாலையும் தனித்தனி மெயிலா அனுப்புனேன். நாலு ‘டாட்’ போய்ச் சேந்துச்சு. கம்ப்யூட்டரை அமத்தித் திரும்பப் போட்டேன். இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் என் கம்ப்யூட்டர்ல பாத்தா எல்லாம் சரியா இருக்கு சார். எனக்கு நானே அனுப்பிப் பாத்தேன். திறக்குது. அப்ப நான் என்ன நெனைப்பேன்? மேடத்தோட கம்ப்யூட்டர்லதான் கோளாறுன்னு நெனைப்பேனா மாட்டேனா? சொல்லியும் விட்டேன். “மேடம், உங்க மிஷினைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க”ன்னேன். அந்தம்மா, “காலையில இருந்து எனக்கு முப்பது மெயில் வந்திருக்கு பரஞ்சோதி. உங்களோடது மட்டும்தான் திறக்கல”ன்னுச்சு.

மணி பத்து. முத்துராக்கு வாசப்படிக்கும் என் மேசைக்கும் நடையா நடக்குது. அதோட போன்ல வீட்டுல இருந்து கூப்புட்டுக்கிட்டே இருக்காக. ஐஸ் பெட்டி வந்துருச்சான்னு ஒருத்தர், குழி எங்க வெட்டணும்னு ஒருத்தர். இது ஒண்ணுக்கும் பதில் சொல்லாம, “இந்தா வந்துர்றேன், இந்தா வந்துர்றேன்”ங்குது. அப்புறம் என் முன்னாடி வந்து நின்னுச்சு.

“அண்ணே, அந்தப் பேப்பரை என் கையில குடுங்களேன். பத்து மணிக்கு மதுரை பஸ் நிக்குது. நான் ஏறிப் போய் அந்த வக்கீலம்மா கையில குடுத்துர்றேன்.”

நான் அதோட நல்லதுக்குத்தான் சார் சொன்னேன். “நீ போய்ச் சேர ஒண்ணு ஆயிரும். அதுக்குள்ள மெயில் நாப்பது தடவை போயிட்டு வந்துரும். செத்த வீட்டுப் பொம்பள, தனியா மதுரையில எங்க போய் எறங்கி எப்படிக் கோர்ட்டைக் கண்டுபிடிப்ப? பேசாம உக்காரு”ன்னேன். உக்காந்துருச்சு. அந்த பஸ் ஹாரன் அடிச்சிட்டுப் போறது ஆபீஸுக்குள்ள கேட்டுச்சு.

பத்தரைக்கு மேடம் ஜட்ஜ் முன்னாடி எந்திரிச்சிருக்கு. பேப்பர் எங்கன்னு கேட்டிருக்காரு. வந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லியிருக்கு. சரி, ஒரு மணிக்குள்ள தாக்கல் பண்ணுங்க, ரெண்டேகாலுக்கு எடுக்குறேன்னு நல்ல மனுசன் சொல்லியிருக்காரு. மேடம் வெளிய வந்து எனக்குப் போன் போட்டுச்சு. “ஒரு மணி. அதுக்கு மேல போச்சுன்னா இன்னைக்குக் கிடையாது. யாரு போன்லயாவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. நான் பிரிண்ட் எடுத்துக்குறேன்.”

என்கிட்ட இருக்கிறது பட்டன் போன். முத்துராக்குகிட்டயும் அதான். எதுத்த டீக்கடையில எல்லார் கையிலயும் பெரிய போனு இருக்குதான். இருந்தா? ஒரு கட்சிக்காரரோட அபிடவிட்டை டீக்கடைக்காரன் போன்ல போட்டோ எடுத்து அனுப்புறதா? இருபத்தெட்டு வருசத்துல எங்க ஆபீஸ் பேப்பர் ஒண்ணு கூட வாசப்படியைத் தாண்டி மூணாம் மனுசன் கண்ணுல பட்டது கிடையாது. முத்துராக்கு கூடச் சொல்லுச்சு, “ஜெராக்ஸ் கடையில மெயில் அனுப்புவாகளாமேண்ணே, அங்க போவமா?”ன்னு. “உன் வீட்டு விசயத்தை ஊரு பூராம் படிக்கணுமா?”ன்னு கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? “என் தம்பி கொலைகாரன்னு ஊருக்கே தெரியும்ணே. இனி என்ன படிக்கப் போறாக?”

மறுபடியும் ஒரு தடவை அனுப்புனேன்.

நீங்க கேப்பீங்க, மெர்லினைக் கூப்புட்டா என்னன்னு. எல்லாரும் கேட்டாங்க. சனிக்கிழமை அப்படிப் பேசி அனுப்பிட்டு செவ்வாக்கிழமை எப்படி சார் கூப்புடுறது? அதுவும் இல்லாம எனக்கு ஒரு நம்பிக்கை. அடுத்த தடவை போயிரும், அடுத்த தடவை போயிரும்னு. ஒவ்வொரு தடவையும் அந்த ‘அனுப்பியாச்சு’ வருதுல்ல? அதைப் பாத்தா நம்பத்தான் தோணும்.

பதினொண்ணே முக்காலுக்கு லூர்துராஜ் சார் கோர்ட்டுல இருந்து வெளிய வந்து போனைப் போட்டிருக்காரு. மேடம்கிட்ட இருந்து எத்தனை அழைப்போ. உடனே என்னைக் கூப்புட்டாரு.

“யோவ் பரஞ்சோதி, ரெண்டரை மணி நேரமா என்னய்யா பண்ணிக்கிட்டு இருக்க?”

“அனுப்பிக்கிட்டுதான் சார் இருக்கேன்.”

“போய்ச் சேந்துச்சா?”

“என் பக்கம்...”

“உன் பக்கத்தைக் கேக்கலய்யா! அங்க ஒரு பொணம் காத்துக்கிட்டு கெடக்குய்யா! மெர்லினுக்கு நான் போன் போட்டுட்டேன், அது வந்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் ஜெராக்ஸ் கடைக்காவது போய்த் தொலை!”

பொம்பளைக்கு முன்னாடி. அவ்வளவு சத்தமா. போனுக்கு வெளிய கேட்டிருக்கும். இருபத்தெட்டு வருசத்துல அவரு என்னை ‘தொலை’ன்னு சொன்னது கிடையாது. அன்னைக்குச் சொன்னாரு. அதை நான் மறக்கல.

ஜெராக்ஸ் கடைக்கு ஓடுனேன். ஷட்டர் இறங்கியிருக்கு. கடைக்காரரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டாராம். பத்து மணிக்கு அந்தக் கடை திறந்துதான் இருந்துச்சுன்னு பக்கத்துக் கடைக்காரரு சொன்னாரு. அதை நான் அவருகிட்டக் கேக்கவே இல்ல, அவராச் சொன்னாரு.

பன்னெண்டரைக்கு மெர்லின் ஸ்கூட்டர்ல வந்து எறங்குச்சு. ஹெல்மெட்டைக் கூட நடந்துக்கிட்டேதான் கழட்டுச்சு. நேரா வந்து என் நாற்காலியில உக்காந்துருச்சு. நான் பின்னாடி நிக்குறேன். முத்துராக்கு கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

“எப்பத்துல இருந்துண்ணே?”

“காலையில இருந்து.”

“திங்கக்கிழமை அனுப்புனது போச்சா?”

ராமநாதபுரத்துக் குமாஸ்தா ஞாபகம் வந்துச்சு.

மெர்லின் மேடத்துக்கிட்டப் போன்ல கேட்டுச்சு. ‘டாட்’னு முடியுதான்னு கேட்டு, ஆமான்னதும் தலையை ஆட்டுச்சு. “அண்ணே, இது அந்த மூணாவது விதம்தான். நீங்க அன்னைக்கு எழுத்து அழகா வரணும்னு வைக்கச் சொன்னீங்கள்ல? அப்படி அனுப்புனா இந்த மெயில், அழகையும் பேப்பரையும் ஒண்ணாக் கட்டி ஒரே மூட்டையா அனுப்பும். நம்ம மாதிரியே ப்ரோகிராம் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் அந்த மூட்டை பிரியும். மத்தவங்களுக்குப் பிரியாது. நம்ம பக்கம் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்.”

எல்லாம் சரியாத்தான் தெரியும்னு அதுவே சொல்லுச்சு, கேட்டீங்களா? நானும் காலையில இருந்து அதைத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்.

எங்கயோ போய் எதையோ அழுத்தி, சாதாரணத்துக்கு மாத்துச்சு. ரெண்டு நிமிசம்தான். நாலு பேப்பரையும் இணைச்சு அனுப்புச்சு. பன்னெண்டு நாப்பத்தொண்ணு. போனைக் காதுலயே வச்சிருக்கு. “வந்துச்சா மேடம்?”

அந்தப் பக்கம் என்னமோ சொன்னாங்க. மெர்லின் மூஞ்சி மாறுச்சு.

“இன்னும் ‘டாட்’டாம்.”

முத்துராக்கு அப்படியே கதவோரமா கீழ உக்காந்துருச்சு. எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்றேன் சார், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, லேசா ஒரு நிம்மதி. நான் மட்டும் இல்ல, இதுவாலயும் முடியலல்ல?

மெர்லின் கண்ணை மூடி யோசிச்சுச்சு. சுவத்துக் கடிகாரம் டக்கு டக்குன்னு ஓடுது. பன்னெண்டு நாப்பத்தஞ்சு. டக்குன்னு கண்ணைத் திறந்து, “அண்ணே, மேடத்தோட முகவரியை நீங்க சேத்து வச்சீங்களா?”ன்னுச்சு.

ஆமா, திங்கக்கிழமை நான்தான் எல்லா வக்கீல் முகவரியையும் உக்காந்து சேத்தேன். ஒவ்வொருத்தருக்கும் தனியா அந்த மூணாவது விதத்தையே வச்சு விட்டேன். எல்லாருக்கும் அழகாப் போகட்டுமேன்னுதான்.

“அதான். பொதுவா மாத்தியும் இவங்களுக்கு மட்டும் பழைய மாதிரியே போகுது.” முகவரியை அழிச்சிருச்சு. மேடத்துக்கிட்ட ஒவ்வொரு எழுத்தாக் கேட்டு, கையால புதுசா அடிச்சு, நாலையும் இணைச்சு, அனுப்புச்சு. பன்னெண்டு அம்பத்திரெண்டு.

மெர்லின் போனை எல்லாருக்கும் கேக்குற மாதிரி மேசை மேல வச்சிருச்சு. அந்தப் பக்கம் மவுஸை அமுக்குற சத்தம் கேக்குது. அப்புறம் மேடம் குரல். “அபிடவிட் திறக்குது... டாக்டர் சர்ட்டிபிகேட் திறக்குது... நாலும் இருக்கு. வைங்க, நான் ஓடுறேன்.”

ரெண்டு நிமிசம் பாக்கி இருந்தப்ப தாக்கல் ஆயிருக்கு.

மெர்லின் எந்திரிச்சுப் போய் முத்துராக்குவைத் தூக்கி விட்டுச்சு. “வீட்டுக்குப் போங்கக்கா. கொஞ்சம் நேரம் தள்ளி எடுக்கச் சொல்லுங்க”ன்னுச்சு. என் பக்கம் திரும்பவே இல்ல.

ரெண்டு நாப்பதுக்கு உத்தரவு ஆயிருச்சு. காவலோட கூட்டிட்டுப் போய், அடக்கம் முடிஞ்சு கூட்டிட்டு வரணும்னு. அது கையெழுத்தாகி ஜெயிலுக்குப் போய், அங்க போலீஸ்காரங்களைச் சேத்து, வண்டி கெளம்பும்போது நாலு. நாலு மணிக்கு எடுக்குறதாப் பேசுனது, நாலு மணிக்கு அவன் ஜெயில் வாசல்ல இருக்கான். நூத்தம்பது கிலோமீட்டர் சார். ரோடும் உங்களுக்குத் தெரியும்.

நான் அஞ்சு மணிக்குப் பெருங்காட்டேந்தலுக்குப் போனேன். உத்தரவு நகலை போலீஸ்காரங்க கேட்டா குடுக்கணும்னு சார் போகச் சொல்லிட்டாரு. ஊரே பந்தலுக்கு அடியில உக்காந்திருக்கு. மேற்க மேகம் கறுத்துக்கிட்டு வருது. பெரியாளுக ரெண்டு மூணு பேரு எந்திரிச்சு, “பொழுது சாஞ்சா எடுக்கக் கூடாது ஆத்தா, மழையும் வருது”ன்னு சொல்லிட்டாக. முத்துராக்கு ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுக் கெஞ்சுச்சு. “கமுதி தாண்டிட்டானாம், இன்னும் செத்த நேரம்.” அஞ்சரை வரைக்கும் நிறுத்துச்சு. அதுக்கு மேல முடியல. மொதத் தூத்தல் விழுந்ததும் தூக்கிட்டாக. தம்பி செய்ய வேண்டியதை முத்துராக்கு மகன் செஞ்சான். ஆறு மணிக்குக் குழியை மூடிட்டாக.

வண்டி வந்தப்ப ஆறே முக்கால்.

மழை விட்டிருந்துச்சு. சாத்தையா எறங்குனான். ஒம்பது வருசத்துல பாதி ஆளாயிட்டான். ரெண்டு பக்கமும் போலீஸ். வீட்டுப் பக்கம் போகப் பாத்தான். யாரோ சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டுனாக. அங்கனயே புரிஞ்சு போச்சு அவனுக்கு. நடந்தான். நாங்களும் பின்னாடி போனோம்.

ஈர மண்ணு. மேல மாலை கெடந்துச்சு. அவன் மண்டி போட்டு ரெண்டு கையாலயும் அந்த மண்ணைத் தடவிக்கிட்டே இருந்தான். பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பாங்கல்ல, அந்த மாதிரி. காவலுக்கு வந்த ஏட்டையா கூட அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு, “ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா மூஞ்சியப் பாத்திருப்பேனேக்கா”ன்னான்.

நான் ஒரு வேப்ப மரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். போயிரலாம்னு பாத்தேன். உத்தரவு நகல் என்கிட்ட இருக்கு, எப்படிப் போறது?

சார் மறுநாளே மெயிலை என்கிட்ட இருந்து எடுத்துட்டாரு. அவசரமான பேப்பர்னா இப்ப நான் கையில கொண்டு போய்க் குடுக்கணும். அதுக்குத்தான் இந்த பஸ்ஸு. எனக்கு அது பெரிய கவலை இல்ல. அவரு சொல்லிட்டாரு, நான் போறேன். ஆனா உங்ககிட்ட நான் சொல்ல வந்தது அது இல்ல. இதை நான் வீட்டுல கூடச் சொல்லல.

நேரம் ஆச்சுன்னு போலீஸ்காரங்க எந்திரிக்கச் சொன்னதும், சாத்தையா எந்திரிச்சான். முத்துராக்கு அவன் காதுகிட்ட என்னமோ சொல்லுச்சு. அவன் என்னைப் பாத்தான். அன்னைக்குக் காலையில நடந்தது பூராம் அதுக்குத் தெரியும்ல? பத்து மணி பஸ் தெரியும், ஜெராக்ஸ் கடை தெரியும். சொல்லியிருக்கும்னுதான் நெனைச்சேன். அவன் நேரா என்கிட்ட வந்தான். ஏட்டையாவும் கூட வந்தாரு. வந்தவன் என் ரெண்டு கையையும் பிடிச்சு, கண்ணுல வச்சுக்கிட்டான். அவன் கையில இருந்த மண்ணு பூராம் என் கையில.

“அக்கா சொல்லுச்சுண்ணே. நீங்க இல்லாட்டி இந்த மண்ணக் கூட நான் தொட்டிருக்க மாட்டேன்”னான்.

முத்துராக்குவைப் பாத்தேன். அது என்னைப் பாக்கல. தம்பி தோளுல ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக்கிட்டே, “ஆமாடா. அண்ணன் காலையில இருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல”ன்னுச்சு.

அது ஒண்ணு மட்டும் நெசம் சார்.